சைக்கிள் போட்ட புடவை

கண்ணு,

நீ முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கும் இந்த நேரத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சாமு உன்னைச் சக்கர நாற்காலியோடு தள்ளிக்கொண்டு தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்று பார்த்தேன். நான் கூட இல்லாமல் நீ சலூனுக்குப் போவது இதுதான் முதல் தடவை. கத்தி கழுத்துப் பக்கம் வரும்போது உனக்குத் தலை தூக்கிப் போடுமே, அது அந்தக் கடைக்காரருக்குத் தெரியுமா, சாமு ஞாபகமாகச் சொல்வானா என்று வாசலைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த லட்சணத்தில் நாளைக்கு உன்னை ஏனாத்தூருக்கு அனுப்பி, கோபத்தோடு வரும் ஒரு ஆளுக்கு எதிரில் உட்கார வைத்துவிட்டு, நான் கடையில் புடவை விரித்துக்கொண்டிருக்க வேண்டுமாம். நேரில் சொன்னால் பாதியிலேயே சிரித்து என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. மற்றதையெல்லாம் அப்புறம் சொல்கிறேன், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

இதையும் ஒரு நாள் நீ கதை போடும் இணையப் பக்கத்தில் போடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா. போடு. ஆனால் அந்தப் புடவைக்காரப் பெண் தன் வாயால் சரி என்று சொன்ன பிறகு போடு. அதுவரை இது உன்னோடு இருக்கட்டும். அப்படி என்றைக்காவது வெளியே போனால் படிக்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாமல் போகக்கூடாது என்பதால், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்தே சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

எல்லாம் உனக்குச் சோறு ஊட்டும்போது ஆரம்பித்த வினைதான். பிறக்கும்போதே மூளைக்குக் காற்று போகாமல் உன் கை, கால், நாக்கு மூன்றும் உன் பேச்சைக் கேட்காமல் போய்விட்டன. நீ விழுங்குவது மெதுவாகத்தான் நடக்கும். அவசரப்படுத்தினால் புரை ஏறிக் கண் பிதுங்கிவிடும். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் சும்மா உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது. அந்த நேரத்தை ஓட்டத்தான் கடையில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். கல்யாணப் பட்டு எடுக்க வருகிற குடும்பம் என்றால் கேட்கவா வேண்டும்! பெண்ணுக்குப் பச்சை பிடிக்கும், மாமியாருக்குப் பச்சை ஆகாது. பெரியம்மா அரக்குதான் லட்சணம் என்று பிடிவாதம் பிடிப்பாள். கையில் இருப்பது எவ்வளவு என்று சொல்ல வெட்கப்பட்டு, அப்பாக்காரர் ஜரிகையைத் தடவிக்கொண்டே இருப்பார். நான் புடவை விரித்தபடி எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொள்வேன். வீட்டுக்கு வந்து உனக்குக் கொட்டுவேன். நீ வாயைத் திறந்துகொண்டு கேட்பாய், எனக்கு ஊட்ட வசதியாக இருக்கும். அவ்வளவுதான் என் நோக்கம். நீ அத்தனையையும் உள்ளே சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது.

நாள் பூராவும் வலது கையின் ஒரு விரல் முட்டியால் போனைக் குத்திக்கொண்டிருப்பாய். ஏதோ கேம் ஆடுகிறாய் என்றுதான் இருந்தேன். ஏனாத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் உன் சிநேகிதன் சாமுதான் ஒரு நாள் உடைத்தான். “ஆன்ட்டி, இவன் இன்னா எழுதிக்கினு இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா? எங்கெங்கியோ இருந்து படிக்கிறாங்க. நீங்க இன்னாடான்னா துணி தோச்சிக்கினு இருக்கீங்க.” படித்துப் பார்த்தால் ஒரு பட்டுக்கடைக்கு வந்துபோகும் மனிதர்களின் கதை, ஒன்றின் வாலைப் பிடித்து இன்னொன்று. ஒரு கதையில் வாசலில் எல்லாருடைய செருப்பையும் பார்த்துக்கொண்டு நின்ற வேன் டிரைவர் அடுத்த கதையில் நாயகன். அவன் வழி கேட்ட பூக்காரிக்கு அதற்கடுத்த கதை. ஓரத்தில் நிற்கிறவர்தான் அடுத்து நடுவுக்கு வரவேண்டும் என்பது நீயே உனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். பத்திரிகைக்கு அனுப்பேன்டா என்றேன். “அனுப்பிட்டு யாரு காத்துக்கினு இருக்கிறது? என் பக்கம், என் கதை, நானே போட்டுக்கிறேன்” என்றாய். படிக்கிறவர்கள் உன்னைவிடக் கெட்டிக்காரர்கள். டிரைவருக்கு முதல் கதையில் மீசை இருந்ததே, இப்போது எங்கே என்று ஒரு சிங்கப்பூர் அம்மாள் கேட்டுவிட, மீசை போன காரணத்துக்காகவே ஒரு கதை எழுதினாய். அதைப் படித்துவிட்டு நான் சமையல் கட்டில் தனியாகச் சிரித்தேன். உன்னைப் பாராட்டி “தன்னம்பிக்கைச் சிகரமே” என்று எழுதினவர்களை மட்டும் உடனே அழித்துவிடுவாய். ஏன்டா பாவம் என்றால், “அவங்க கதையப் படிக்கலமா, நாற்காலியப் படிச்சாங்க” என்பாய்.

இப்போது அந்தப் பெண். ஒன்று சொல்லிவிடுகிறேன், இங்கே நான் சொல்லப்போகும் புடவை அந்தப் புடவை இல்லை. நிறத்தை மாற்றிவிட்டேன், சைக்கிளும் சைக்கிள் இல்லை. பட்ட பிறகாவது புத்தி வர வேண்டுமே. அண்ணன், அம்மா, இரண்டு அத்தைகளோடு வந்தாள். புடவைக்கு வெங்காயத்தோல் நிற உடல், கரும்பச்சைக் கரை, முந்தானையில் மயிலும் மாங்காயும் வேண்டாம், வரிசையாகச் சைக்கிள் போட்டு நெய்து தர முடியுமா என்று கேட்டாள். அத்தைகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அண்ணன்தான், “அவ கேக்கிறத செய்ங்கமா” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அந்த முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவருக்கும் என் முகம் ஞாபகம் இருக்கும். நெய்து வந்ததும் முதலாளிக்கே பெருமை தாங்கவில்லை. கண்ணாடிப் பெட்டியில் சில நாள் பார்வைக்கு வைத்தார். வந்தவர் போனவரெல்லாம் படம் எடுத்தார்கள்.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவள் மட்டும் தனியாகக் கடைக்கு வந்தாள். புடவையைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்றாள். சொல்லிச் செய்தது, எடுக்க மாட்டோம் என்றதும் அழுதாள். ஓரமாக அழைத்துப் போய்த் தண்ணீர் கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள் என்று அவள் வீட்டில் எல்லாரும் கொதித்துக்கொண்டிருக்கிறார்களாம். உண்மையில் இவளேதான் அந்தப் பையனுக்குப் போன் செய்து, எனக்கு இஷ்டமில்லை, நீங்களே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அவனும் நல்லவன், பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டான். “அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னை உயிரோட விடமாட்டாருக்கா. யாருக்குமே தெரியாது, உங்களாண்டதான் சொல்றேன்” என்றாள். அன்று உனக்குத் தயிர்சாதம். நான் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்வதை வெளியே சொல்வதாகவே நான் நினைத்ததில்லை.

நீ அதைக் கதையாக்கிவிட்டாய். ஆனால் நீயும் பொறுப்பில்லாமல் எழுதவில்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். பேரை மாற்றினாய், ஊரை மாற்றினாய், அவளைக் கணக்கு டீச்சர் ஆக்கினாய், அண்ணனை மாமா ஆக்கினாய். போடுவதற்கு முன்னால் என்னையும் படிக்கச் சொன்னாய். இரண்டு பேரும் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தோம். எங்கேயாவது அவள் தெரிகிறாளா என்று துருவினோம். எல்லாவற்றையும் பார்த்தோம், புடவையை மட்டும் பார்க்கவில்லை. வேறு ஊர்க்காரன் எழுதியிருந்தால் பட்டுப்புடவை என்று ஒரு வார்த்தையோடு போயிருப்பான். நமக்குத்தான் வாய் நிற்காதே! வெங்காயத்தோல், கரும்பச்சை, சைக்கிளின் கம்பிகூடத் தெரிகிற மாதிரி எழுதியிருந்தாய். கண்ணு, புடவை அப்படியே கண்ணில் நிக்குதுடா என்று நான் பாராட்டினேன். உலகத்திலேயே அப்படி ஒரே ஒரு புடவைதான் இருக்கிறது என்பது கடையில் அதை விரித்து மடித்த என் மண்டைக்கே உறைக்கவில்லை.

அந்தக் கதைதான் நன்றாக ஓடியது. ஓடி ஓடி அவர்கள் வீட்டு வாட்ஸப்புக்கே போய்ச் சேர்ந்தது. ஒரு மத்தியானம் கதைக்குக் கீழே புதிதாக ஒரு பின்னூட்டம் வந்தது. “இந்தப் புடவை எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது.” அவ்வளவுதான், ஒரே வரி. நீ அதை என்னிடம் காட்டினாய். திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். பிறகு அதே ஆள் உனக்குத் தனியாக எழுதினார். “நான் அவளோட அண்ணன், இந்தக் கதையை யார் சொல்லி எழுதினாய், நேரில் பேச வேண்டும்.” சாயங்காலமே அந்தப் பெண்ணிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. “அக்கா, அண்ணன் படிச்சுட்டாரு. கதையில வர்றது நான் இல்லவே இல்லைன்னு சொல்லிட்டேன்.” நான் கூப்பிட்டேன். போன் அணைத்து வைத்திருந்தது. இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. நான் கடையில் புடவை மடிக்கும்போதும் அவள் என்ன ஆனாள், சாப்பிட்டாளா, அறைக்குள் பூட்டி வைத்திருக்கிறார்களா என்றே மனசு அடித்துக்கொள்கிறது.

கதையை எடுத்துவிடு என்று உன் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். எடுத்தால் உண்மை என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றாய். அது எனக்கும் புரிந்தது. ஆனால் நீ அதோடு நிற்கவில்லை, அவருக்கு வாங்க என்று பதில் போட்டுவிட்டாய். ஏனாத்தூரில் சாமுவின் ஜெராக்ஸ் கடையில், நாளைக் காலையில். அந்தப் புடவையைக் கடைக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்தேன், மற்றதெல்லாம் நானாக எழுதியது, உங்கள் தங்கையை எனக்குத் தெரியவே தெரியாது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லப் போகிறாயாம். அவள் பொய்க்கு உன் பொய்யால் முட்டுக்கொடுக்கப் போகிறாய். நானும் வருகிறேன் என்றேன். அப்போது நீ சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. “நீ வந்தா காரியமே கெட்டுதுமா. புடவை வித்த அம்மா இங்க எதுக்கு நிக்குதுன்னு அவருக்கு அந்த நிமிஷமே புரிஞ்சிடும். அது ஒண்ணு. நீ பக்கத்துல இருந்தா அவரு உன்னாண்டதான் பேசுவாரு. என்னாண்ட பேசமாட்டாரு. எழுதினது நான்மா. திட்டுனாலும் என்னைத்தான் திட்டணும்.”

நீ சொன்னதில் தப்பில்லை. ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில், எங்கே போனாலும் உன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்துத்தான் கேட்பார்கள். பேங்கில் உன் பேருக்குக் கணக்குத் திறக்கப் போனபோது அந்த அம்மாள், “தம்பி கைநாட்டு வைப்பாரா, பேசினா புரிஞ்சுக்குவாரா?” என்று என்னிடம் கேட்டாள். நீ அவளுக்கு நேராக ஏதோ சொன்னாய். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் உடனே மொழிபெயர்த்தேன், அதுவும் நீ சொன்னதை அப்படியே சொல்லாமல் கொஞ்சம் பணிவாக மாற்றி. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் என்னோடு நீ பேசவில்லை. “நான் ‘புரியும், உங்களுக்குப் புரியுமா’ன்னு கேட்டேன். நீ ‘புரியும் மேடம்’ன்னு சொல்லிட்டே” என்றாய். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. உன் வாயை நம்பி உன்னை விட்டால் ஊரோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இப்போதும் கொஞ்சம் அப்படித்தான் நினைக்கிறேன்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. முந்தாநாள் கேட்டேன், நினைவிருக்கிறதா? “உன் சட்டப்படி அடுத்த கதை யாருக்குடா?” நீ வேறு பக்கம் பார்த்தாய். ஓரத்தில் நின்ற அண்ணனுக்குத்தானே என்றேன். நீ சிரித்தாய். “அவரப் பாக்காமலே வில்லன்னு எழுதிட்டேன்மா. சைக்கிள் போட்டுக் குடுங்கன்னு சொன்னதே அவருதான்னு நீ சொன்னியே, அதை நான் எழுதாம விட்டுட்டேன்.” அட பாவி, அடிக்க வருகிறவனிடம் கதை கேட்கப் போகிறாயா என்று கத்தினேன். கத்தினேனே தவிர, உள்ளே ஒரு மூலையில் எனக்கும் அதே யோசனை ஓடியது. அன்றைக்கு அந்த ஆள் என்னைப் பார்த்த பார்வையில் தங்கைமேல் இருந்த ஆசை பொய்யில்லை. ஆசை இருக்கிற இடத்தில்தான் கோபமும் கண்மண் தெரியாமல் வரும், அதுதான் என் பயமே. நாற்காலியை எட்டி உதைத்தால் உன்னால் என்ன செய்ய முடியும்? சாமு ஒல்லிப்பிச்சான், அவன் எதைத் தடுப்பான்?

கடைக்கு வந்து அவர் என்னைக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றும் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். “தினம் எவ்வளவோ பேர் வராங்க சார், எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல.” சொல்லும்போதே கண் தரைக்குப் போய்விடுகிறது. நீ கட்டிலிலிருந்து, “மேல பாரு, மேல பாரு” என்று விரட்டினாய். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நான் எப்படியாவது சமாளித்துவிடுவேன். புடவையில் இழை போனதையே கண்ணுக்குத் தெரியாமல் மடித்துக் காட்டுகிறவள்தான் நான்.

ஆனால் நாளைக்கு உன் வாயிலிருந்து வரப்போகும் வார்த்தைகளை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் போய்விட்டது. போனில் எழுதிக் காட்டிவிடேன் என்றதற்கு, “எழுதினதத்தான் அவரு ஏற்கனவே படிச்சாரே, வாயால சொன்னாதான் நம்புவாரு” என்றாய். சரி. காலையிலிருந்து நீ கட்டிலில் படுத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்ததைச் சமையல் கட்டிலிருந்து கேட்டேன். “அது என் கற்பனை. அவங்க என் கற்பனை.” ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தையின் நடுவில் நாக்கு மாட்டிக்கொள்கிறது. கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்கிறது, கண் மேலே போகிறது, வாயோரம் எச்சில் வழிகிறது. நீ அதோடு மல்லுக்கட்டுவதை நீ பிறந்ததிலிருந்து நான் பார்க்கிறேன், எனக்கு அது உன் பேச்சு. அவருக்கு அது எப்படித் தெரியும்? சந்தேகத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிற ஆள், பொய் சொல்ல வராமல் திணறுகிறான் என்றுதான் நினைப்பார். அந்த ஒரு நினைப்பு போதும், அங்கே வீட்டில் அந்தப் பெண்ணின் கதை முடிந்தது. இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் காலையிலிருந்து பாத்திரத்தைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன்.

அதனால் நாளைக்கு நான் உன்னோடு வரமாட்டேன். சாமுவுக்குப் போன் போட்டு நச்சரிக்க மாட்டேன். அவர் எதிரில் உட்கார்ந்த பிறகு நீ ஒரு வாக்கியத்தை முடிக்க எவ்வளவு நேரம் எடுத்தாலும் எடுத்துக்கொள், முடித்துக் கொடுக்க அங்கே யாரும் இல்லை. ஆனால் கற்பனை என்று மட்டும் சொல்லாதே கண்ணு. எந்த எழுத்து உன் நாக்கில் நிற்கும், எந்த எழுத்து வழுக்கிக்கொண்டு வரும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அந்தப் பெண் யார் என்று அவர் கேட்டால், “நான் பெத்த பொண்ணு” என்று சொல், கதையில் வருகிறவளை எழுதினவன்தானே பெத்தவன். பானாவும் தானாவும் ணானாவும் உனக்குச் சுத்தமாக வரும், கழுத்து இழுக்காது. அவர் கண்ணைப் பார்த்துச் சொல். பஸ்ஸில், கோயிலில், கல்யாண வீட்டில் உன்னைக் காட்டி, யாருமா இது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்ட எத்தனையோ பேருக்கு, நான் பெத்த புள்ள என்று மட்டும்தான் நான் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.